சொல்லுக்கு ஒரு கழுத்து

தெற்கு மாசி வீதியில், பட்டப்பகலில், ஊர் சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவரை நகைக்கடைப் படியிலிருந்து கீழே உருட்டிவிட்டான் ஒரு கல்லூரி மாணவன். கடைக் கதவில் 'புஷ்' என்று எழுதியிருந்தது. அதைப் படித்தான், திரும்பினான், எதிரே ஒரு செம்பட்டைத் தாடி நின்றது. அவ்வளவுதான். வெள்ளைக்காரருக்கு முன்பற்கள் போயின, படியெல்லாம் ரத்தம்.

"நான் தள்ளல சார், கை தள்ளிருச்சு" என்று காவல் நிலையத்தில் அழுதான் அவன்.

"எந்த சென்டர்ல படிச்ச?" என்றுதான் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்டார். பிறகு 'சோணா சொல்லகம்' என்ற ஆங்கிலப் பயிற்சி நிலையத்தின் முதலாளி சோணாசலத்துக்கு ஆள் அனுப்பினார்.

சோணாசலம் பதறுகிற ஆசாமியா? சலவைச் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்தார். வினையூட்டியைப் பற்றி ஊருக்கே அவர் பாடம் எடுத்தவர். தலையில் மாட்டுகிற குல்லாய் அது. ஒரு வினைச்சொல்லுக்குப் பொருள் சொல்லித் தராது. அந்த வினையைச் செய்தவனின் நினைவையே, அவன் வாயிலிருந்து வந்த ஆங்கிலச் சொல்லோடு சேர்த்து, படிக்கிறவன் மூளையில் ஊற்றிவிடும். இலக்கணப் புத்தகம் வேண்டாம், மனப்பாடம் வேண்டாம். ஒரு சொல்லுக்கு ஒரு நினைவுச்சில்லு.

ஒரே ஒரு சங்கடம். சாந்தமாகச் செய்த வேலையின் நினைவு மூளையில் ஒட்டவில்லை. கதவைத் தள்ளியவனின் 'புஷ்' மறுநாளே உதிர்ந்துபோனது. ஆத்திரத்தோடு ஆளைத் தள்ளியவனின் 'புஷ்' சாகும்வரை நின்றது. அந்த மாதிரி நினைவை யார் விற்பார்கள்? அயல்நாட்டுச் சிறைகளில் இருப்பவர்கள் விற்றார்கள். அப்படித்தான் தமிழ்நாடு முழுக்க 'புஷ்' என்றால் எவனோ ஒருவன் தன் செம்பட்டைத் தாடி மச்சானை மாடியிலிருந்து தள்ளியது என்று ஆனது. 'த்ரோ' என்றால் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி. 'பிரேக்' என்றால் முறிபடுகிற ஒரு கிழவரின் விரல்.

"சொல்லும் மொகமும் ஒரே நேரத்துல எதிர்ல வந்தாத்தான் கை கிளம்பும் சார்" என்றார் சோணாசலம். "மொகமெல்லாம் கடலுக்கு அங்கிட்டு இருக்கு. இந்த வெள்ளக்காரரு ஏதோ சாடையில ஒத்துப்போயிட்டாரு. நம்மாளுக கழுத்துக்கு ஒரு பங்கமும் வராது, நான் கேரண்டி."

இன்ஸ்பெக்டரின் மகளும் சோணா சொல்லகத்தில்தான் படித்துக்கொண்டிருந்தாள். காபி கொடுத்து அனுப்பிவைத்தார். மாணவன் மட்டும் உள்ளே போனான், பாவம்.

சோணாசலம் சொல்லகத்துக்குத் திரும்பியபோது ஜெசிந்தா காத்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காகச் சொல்லகத்தில் மூன்றாம் படி வரைக்கும் ஆங்கிலம் படித்தவள். அவள் கைகள் இரண்டும் துப்பட்டாவால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன.

"சார், அந்த ஸ்குவீஸ எந்தலையில இருந்து எடுத்துருங்க."

அவளுக்கு அந்தச் சொல் இல்லாமல் வேலை ஓடாது. நினைவு தப்பிய நோயாளி கண் விழித்ததும் தங்கள் விரலை அவன் கையில் கொடுத்து, "ஸ்குவீஸ் மை ஃபிங்கர்ஸ்", அதாவது விரலை இறுக்கிப் பிடி, என்று சொல்லித்தான் மூளை வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் அந்தச் சில்லில் இருந்ததோ கழுத்தை நெரித்த நினைவு. அதுவும் மட்டமான பதிவு, நெரிபட்டவன் முகமே தெளிவாக இல்லை. பலருக்குச் சொல் ஒட்டாமல் பரீட்சையில் போயிற்று. ஜெசிந்தாவுக்கு ஒட்டியது. ஒட்டிய கை முகம் தெரியாமல் கிடைத்த கழுத்தையெல்லாம் தேடியது.

"நேத்து எம்புள்ள எலுமிச்சம்பழத்த வச்சு வெளையாடிக்கிட்டே அந்தச் சொல்லச் சொல்லுச்சு சார். டிவில கேட்டதாம். அப்பறம் பாத்தா என் ரெண்டு கையும் அது கழுத்துல இருக்கு. அது வெளையாட்டுன்னு நெனச்சுச் சிரிக்குது." ஜெசிந்தா துப்பட்டா முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். "எம்புள்ளையக் கொன்னுருவேன் சார் நான்."

சோணாசலம் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் வியாபாரி வாய் சும்மா இருக்குமா?

"எடுக்க முடியாதும்மா, வேணும்னா மங்க வைக்கலாம். வாங்க, உக்காருங்க."

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வீரணன் அவள் கட்டை அவிழ்த்து நாற்காலியில் உட்காரவைத்தான். குல்லாயை சோணாசலமே மாட்டினார். தாடைப் பட்டையை இறுக்கக் குனிந்தவர், சும்மா இருக்காமல், "ஏம்மா, மத்த பொம்பளைகளெல்லாம் பேசாமத்தான இருக்காக? நீங்க மனச அடக்கிக்கிட்டா இந்தக் கையி ஏன் புள்ள கழுத்துக்குப் போகுது?" என்றார்.

அந்த நேரம் பார்த்து இயந்திரம் சொல்லை உச்சரித்தது.

அவள் கை எழும்பியதை வீரணன் பார்க்கவில்லை. நாற்காலி கவிழ்ந்த சத்தம்தான் கேட்டது. திரும்பினால் சோணாசலம் மல்லாக்கக் கிடக்கிறார், மேலே ஜெசிந்தா. இரண்டு கட்டைவிரலும் குரல்வளையில் புதைந்திருந்தன. அவருடைய கால்கள் தரையை உதைத்தன, நாக்கு வெளியே வந்தது, கண்ணில் ரத்தம் பூத்தது. "ஸ்குவீஸ்! ஸ்குவீஸ்!" என்று கத்தினாள் அவள். ஆத்திரத்தில் அவளுக்குத் தமிழே வரவில்லை. வீரணன் ஸ்டூலைத் தூக்கி அவள் தோளில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த பிறகுதான் பிடி விட்டது.

சோணாசலத்துக்கு மூச்சு திரும்ப வெகுநேரமாயிற்று. பேச்சு வந்ததும் என்ன கேட்டார் தெரியுமா?

"உச்சரிப்பக் கேட்டியாடா, வீரணா?"

கேட்டது மட்டுமில்லை. குல்லாய் அவ்வளவையும் பதிவு செய்திருந்தது. திரையில் கோடு உச்சியைத் தொட்டு நின்றது. அவ்வளவு அழுத்தமான நினைவை இருவருமே பார்த்ததில்லை. சோணாசலத்துக்கு வீங்கிய கழுத்து மறந்துபோனது, வாயெல்லாம் பல்.

"இனி அந்த ஓட்டச் சில்லு வேணாம். இதையே போட்ரு. சிறைக்காரனுக்குத் தெண்டம் அழ வேண்டியதில்ல."

"அண்ணே, அதுல நெரிபடுறது உங்க மொகம்ல?"

"மொகத்த அழிச்சுரு."

"அழிச்சா பழையபடி கண்ட கழுத்துக்கும் கை போகும்ணே."

சோணாசலம் கழுத்தைத் தடவிக்கொண்டு யோசித்தார். யோசித்தார் என்பதுகூட அதிகம். "சரி விட்றா, மொகம் அப்படியே இருக்கட்டும். நம்ம மொகம் நாலு வீட்டுக்குத் தெரிஞ்சா விளம்பரந்தான? ஒரு தடவ நான் பொழச்சுக்கலையா?"

வீரணன் அன்றைக்கே வேலையை விட்டுப் போய்விட்டான். புத்திசாலி.

புதிய சில்லு பிய்த்துக்கொண்டு போனது. எல்லோருக்கும் ஒட்டியது. நர்சிங் கல்லூரிகள் மொத்தமாக வாங்கின. ஆள் ஆளுக்குத் தேர்ச்சி. சோணாசலம் தெருவில் போனால் தெரியாத பிள்ளைகள்கூட நின்று உற்றுப் பார்த்தார்கள். அவர் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு கையசைத்தார்.

கத்திரி வெயிலில் ஒருநாள் சிம்மக்கல் பக்கம் ஜூஸ் கடைக்குப் போனார். 'ஃப்ரெஷ்லி ஸ்குவீஸ்டு' என்று கடையின் முகப்பில் எழுதியிருந்தது. முன்னால் நின்ற பெண் அதைப் படித்துவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. கை மட்டும் வந்தது. அவளை இழுக்க ஓடிவந்தவன், "விடும்மா, அண்ணன ஏன்..." என்று சொல்லிக்கொண்டே பலகையைப் பார்த்தான். அவன் கையும் வந்தது. சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்த கடைக்காரன் பிழிவதை விட்டுவிட்டு மேசையைத் தாண்டிக் குதித்தான். ஒரு கழுத்துக்கு எத்தனை கைதான் பிடிக்கும்! இடம் கிடைக்காதவர்கள் ஒருவரை ஒருவர் கடித்துக் கிழித்துக்கொண்டு முண்டினார்கள். படிப்பு வாசனையே இல்லாத இரண்டு சுமைதூக்கும் தொழிலாளிகள் வந்துதான் ஒவ்வொருவராகப் பிய்த்து எறிந்தார்கள். அதற்குள் குரல்வளை நொறுங்கியிருந்தது.

கண் விழித்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவு. கழுத்தில் துளை, அதில் குழாய். சத்தம் வரவில்லை. பக்கத்தில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். சோணாசலம் கட்டிலின் மறு ஓரத்துக்கு நகரப் பார்த்தார்.

"பயப்படாதீங்க சார்" என்றாள் அவள். "உங்களால ஒரு நல்லதும் நடந்துச்சு. என் கை இப்ப எம்புள்ள கழுத்துக்குப் போகல. உங்க கழுத்துன்னு ஒண்ணு அதுக்குக் கெடச்சிருச்சு. தைரியமா புள்ளையத் தூக்குறேன்." குழாயைச் சரிசெய்தாள், மெதுவாக, ரொம்ப மெதுவாக. "நான் உங்கள மன்னிச்சுட்டேன். கை மன்னிக்கல. இங்க உள்ள நர்சுப் பிள்ளைக அம்புட்டும் உங்க சில்லுதான் போட்டுருக்குக. யாரையும் உள்ள விடாமப் பாத்துக்கிட்டு இருக்கேன். அந்தச் சொல்ல மட்டும் யாரும் சொல்லிரக் கூடாது."

சோணாசலத்தின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தரை நன்றியோடு பார்த்தார்.

காலையில் பெரிய டாக்டர் வந்தார். வடக்கிலிருந்து புதிதாக வந்தவர். தமிழ் தெரியாது, குல்லாய் மாட்டியவரும் இல்லை. அவர் வந்தால் பிரிவில் உள்ள நர்ஸ்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நிற்க வேண்டும் என்பது விதி. நின்றார்கள். எல்லோரும் சோணாசலத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஜெசிந்தா முந்திக்கொண்டாள். ஒரு சொல்லை மட்டும் இங்கே சொல்ல வேண்டாம் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினாள்.

எந்தச் சொல் என்று கேட்டார் டாக்டர்.

ஜெசிந்தா வாயைத் திறந்தாள், மூடினாள். சொன்னால்தானே அவருக்குத் தெரியும்! சொன்னால் முடிந்தது கதை.

டாக்டர் கட்டிலை நெருங்கினார், தன் இரண்டு விரலை சோணாசலத்தின் உள்ளங்கையில் வைத்தார். அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பது சோணாசலத்துக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம், அந்தச் சொல் வேண்டாம் என்று காட்ட அவருக்கு இருந்தது ஒரே ஒரு வழி. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, கையை இறுக்கி மூடினார், திறந்தார், மறுபடி இறுக்கி மூடினார்.

நோயாளிக்கு மூளை நன்றாக வேலை செய்கிறது! டாக்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி அந்தச் சொல்லை உற்சாகமாகச் சொன்னார்.

ஜெசிந்தா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் கை மூடிக்கொள்ளவில்லை, கழுத்தை நோக்கி நீண்டது.