அளவு நாடாவின் மறுமுனை

"அந்தக் குச்சியைப் பிடுங்கினது நீங்களா?"

முசுடு நிமிர்ந்தாள். வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் அது. மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வருகிறவர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசுகிறவள், வீட்டுக்கு வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஒரு நாளைக்கு எத்தனை ஜோடிக் கண்களைப் பார்க்கிறாள்... ஆனால் எதிரே நின்றவனின் கண்கள்... வெயிலுக்குச் சுருங்கி, கோபத்தில் இன்னும் கறுத்து... கோபத்தில் கூட ஒருத்தன் இவ்வளவு அழகாக இருப்பானா? நினைத்த உடனே தன் மேலேயே எரிச்சல் வந்தது.

குச்சியைப் பிடுங்கியது அவள்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவே ஒல்லியாய் நீண்டு கிடந்தது அந்த மணல் தீவு. நிழல் என்று பேருக்குக்கூட ஒன்றுமில்லை. சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், படகை விட்டு இறங்கியதுமே அத்தைக்குத் தலை சுற்ற, மணல்மேட்டில் சும்மா நின்ற குச்சியை உருவி, துப்பட்டாவைக் கட்டிப் பந்தல் போட்டாள். அது அளவுக்குச்சி என்று அவள் கனவா கண்டாள்? அலை அரிப்பதும் காற்று சேர்ப்பதுமாகத் தீவு மெல்ல மெல்ல நகர்கிறதாம். அதை அளப்பதுதான் அவன் வேலையாம்.

"மணல்ல சும்மா நட்டு வச்சா எடுக்கத்தான் செய்வாங்க. ஒரு போர்டு வைக்க வேண்டியதுதானே?"

மன்னிப்பு நாக்கு நுனி வரை வந்தது. வீம்பு அதை உள்ளே தள்ளிவிட்டது.

அவன் துப்பட்டாவை அவிழ்த்து வைத்துவிட்டு, குச்சியை எடுத்துக்கொண்டு திரும்பினான். அதற்குள் அத்தை மகள் சிட்டு எழுந்துவிட்டாள். தான் கூட வந்து உதவுவதாகச் சொல்லி, அளவு நாடாவின் ஒரு முனையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

அவ்வளவுதான்... முசுடுக்கு வயிறு பற்றி எரிந்தது.

நாடாவைப் பிடிக்க இத்தனை சிரிப்பு எதற்கு? அவனாகட்டும், என்னிடம் கடுகடுத்தவன் அவளிடம் மட்டும் குழைகிறானே... பார்த்து முழுசாக ஒரு பொழுதுகூட ஆகாதவன் யாரோடு சிரித்தால் எனக்கென்ன? எனக்கென்ன என்று கேட்கக் கேட்கத்தான் அதிகமாக வலித்தது.

அத்தை வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள். பையன் தங்கமாக இருக்கிறான், சிட்டுக்குத்தான் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, படகு வந்ததும் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிடப் போகிறேன் என்றாள். முசுடுக்குப் பகீரென்றது. படகு வந்தால் எல்லாம் முடிந்தது. பிறகு ஆயுசுக்கும் அவனுக்கு அவள் சிட்டுக்கு உறவுக்காரி, அவ்வளவுதான்.

தூரத்தில் படகு தெரிந்தது. கூடவே ஒரு தூறல்... மணல்மேட்டின் மேல் பூப்பூவாய் விழுந்தது. முசுடு எழுந்து விறுவிறுவென்று மேட்டில் ஏறினாள்.

"சிட்டு, அத்தை கூப்பிடுறாங்க."

பச்சைப் பொய். சிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நாடாவை மணலில் போட்டுவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

இப்போது அவனும் அவளும் மழையும்தான்.

"காலைல நான் செஞ்சது தப்பு. பேசினது அதைவிடத் தப்பு."

"பரவாயில்ல. குச்சியை நட்டாச்சு."

"அதை மட்டும் சொல்ல வரல..." கீழே இறங்கும் சிட்டைக் கண்ணால் காட்டினாள். "அவ உங்ககூட சிரிக்கிறது எனக்குப் பிடிக்கல. ஏன்னு கேக்காதீங்க... உங்களுக்கே தெரியும்."

அவன் கண்களில் இருந்த கறுப்பு மெல்லக் கனிந்தது. முகத்தில் வழிந்த மழையைக்கூட அவன் துடைக்கவில்லை.

"இந்த மேட்டை அளந்து முடிச்சு ரொம்ப நேரமாச்சுங்க."

"அப்புறம் எதுக்கு இன்னும்..."

"இங்க நின்னாதான் நீங்க உட்கார்ந்திருக்கிற இடம் தெரியுது. அதான்... திரும்பத் திரும்ப அளந்துட்டு இருந்தேன்."

கீழே அத்தை படகு வந்துவிட்டதென்று குரல் கொடுத்தாள். முசுடு குனிந்து, மணலில் கிடந்த நாடாவின் முனையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை அளங்க... இந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கிறேன்."