மேல்வடத்துக் குரல்

காலையில் காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் நான் செய்கிற முதல் வேலை, ஸ்டூலைப் போட்டு ஏறி மேல்வடத்தைப் பார்ப்பது. எங்கள் கூடத்தின் சீலிங்கில் வரிசையாகச் சின்னச் சின்னக் கப்பிகள் உண்டு. சுவர்ப் பெட்டியில் கிளம்பும் வடம் அவற்றின் வழியாக ஓடிவந்து என் மனைவி தன்யஸ்ரீயின் தலைக்கு மேலே தொங்கும். அவள் நடந்தால் கப்பி வடத்தை இறக்கிவிடும், நின்றால் இழுத்துக்கொள்ளும். நான் ஒவ்வொரு கப்பியையும் துணியால் துடைத்து, வடத்தை ஒரு தடவை இழுத்து விட்டுப் பார்த்து, "சரி, வா" என்பேன். அதற்குப் பிறகுதான் கண்ணையும் காதையும் மூடுகிற முகக்கூட்டை அவள் மாட்டுவாள்.

எங்கள் தலைமுறைப் பெயர்களைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவள் தன்யஸ்ரீ, நான் கிஷோர். திருப்பூரில் பிறந்து பனியன் கம்பெனிகளிலேயே வளர்ந்தவர்கள். இப்போது பனியன் தைப்பது கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டில். அங்கே மெஷின் வரிசைகளுக்கு நடுவே நடந்து, தையலைப் பார்த்து, துணியைத் தொட்டுப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறவள் தன்யா. நடப்பது எங்கள் கூடத்தில். தொடுவது தொடுகையுறையால். அந்த உறையைப் போட்டுக்கொண்டால் பருத்தி பருத்தியாகவே விரலுக்குப் படும் என்பாள்.

இதற்கெல்லாம் ஏன் வடம் என்று எங்கள் மகள் முத்தரசி சின்ன வயதில் கேட்பாள். காற்றலை முழுவதையும் ஆம்புலன்சுக்கும் ஆளில்லா வண்டிகளுக்கும் ஒதுக்கிவிட்டார்கள், வீட்டுக்கு மிச்சம் இல்லை. மெய்நிகர் உலகத்துக்குள் போக வேண்டுமா, கம்பி வழியாகப் போ. உள்ளே இருப்பவரின் கால் வடத்தில் சிக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு வடத்துணை என்று பெயர். எனக்கு வேலை போனதும் நானே என் மனைவிக்கு வடத்துணை ஆனேன். கல்யாணமானதிலிருந்து அதே வேலைதான், இப்போதுதான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தன்யா கிண்டலடிப்பாள்.

வடம் மாட்ட வந்த ஆள் கூடத்தின் நடுவில் துளை போட வேண்டும் என்றான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். கான்கிரீட்டிலேயே பதித்த தொட்டில் கொக்கி ஒன்று சுவரை ஒட்டி இரும்பாக நிற்கும்போது எவனாவது சீலிங்கைத் துளைப்பானா? முத்தரசியைத் தாங்கிய கொக்கி ஒரு கம்பியைத் தாங்காதா? கடைசிக் கப்பியை அதிலேயே தொங்கவிட்டோம். கொக்கி ஓரமாக இருப்பதால் தன்யாவுக்கு இடது பக்கம் இடமில்லை. ஒவ்வொரு மெஷின் வரிசையின் முடிவிலும் வலது பக்கமாகவே திரும்புவாள். வடம் வலது பக்கமாகவே முறுக்கிக்கொள்ளும்.

முறுக்கு ஏறினால் வடத்துக்குள்ளிருக்கும் கண்ணாடி இழை நொந்துவிடும். அதற்கு வடம் செய்கிற கம்பெனிக்காரன் ஒரு வழி வைத்திருந்தான். அதன் பெயர் திருப்பி. முறுக்கு அளவுக்கு மேல் போனால், உள்ளே இருப்பவரை எதிர்ப்பக்கம் திரும்ப வைக்கிற மாதிரி அது ஏதாவது செய்யும். இடது பின்பக்கம் ஒரு மணி அடிக்கும். அவர் திரும்பிப் பார்ப்பார், ஒரு சுற்று பிரிந்துவிடும். தான் திருப்பப்பட்டதே அவருக்குத் தெரியாது.

கொஞ்ச நாளில் மணி பழகிப்போய்விட்டது, தன்யா திரும்பவில்லை. அந்தத் திருப்பி கிளியைப் பறக்கவிட்டது. பாத்திரம் விழும் சத்தம் போட்டது. யாரோ "அக்கா" என்று கூப்பிட்டார்கள். எதற்குத் திரும்புகிறாள், எதற்குத் திரும்பவில்லை என்று அது கற்றுக்கொண்டே போனது. தன்யாவிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியே கிளம்பும்போது பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டுவிட்டால் அப்படியே போய்விட மாட்டாள். திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, உட்கார்ந்து எழுந்துதான் மறுபடி போவாள். பின்னால் வரும் குரலைத் தள்ளிவிட்டுப் போக அவளால் முடியாது. அதை அந்தத் திருப்பி கண்டுபிடித்துவிட்டது.

ஒருநாள் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தன்யா சட்டென்று இடது பக்கம் திரும்பினாள்.

"என்னாச்சு புள்ள?"

"முத்து கூப்புட்டாளுங்க."

முத்தரசி எங்கள் ஒரே மகள். அவள் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. தன் கம்பெனியிலேயே ஒரு இடம் வாங்கித் தருகிறேன் என்றாள் தன்யா. செத்தாலும் வடத்தில் தொங்க மாட்டேன் என்றாள் முத்து. வாய்ச்சண்டை வளர்ந்து, பேச்சு நின்று, அவள் கடல்சுவர் கட்டுகிறவர்களோடு சேர்ந்து போய்விட்டாள். என்னோடு பேசுவாள். நான் கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவேன், தன்யா கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பாள். "அம்மா எப்படி இருக்காங்க" என்று ஒவ்வொரு தடவையும் முத்து கேட்பாள். அந்த "அம்மா"வைத்தான் இந்தத் திருப்பி எடுத்துக்கொண்டிருக்கிறது.

வடக் கம்பெனிக்குப் போன் செய்து கத்தினேன். எதிர்முனையில் ஒரு பையன் பொறுமையாகப் பதில் சொன்னான்.

"ஒரே ஒரு வார்த்தைதானுங்க. வேற எதுவும் பேசாது. வேணாம்னா எடுத்துடறோம்."

நான் எடுத்துவிடச் சொல்லுமுன் தன்யா கையை நீட்டித் தடுத்தாள். "இருந்துட்டுப் போகட்டுங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

எனக்கு என்ன வந்தது என்றால், பயம். அவள் வேலையில்லாத நேரத்திலும் முகக்கூட்டை மாட்ட ஆரம்பித்தாள். தேவையே இல்லாமல் வலது பக்கமாகச் சுற்றுவாள். ஸ்டூலின் மேல் நின்று பார்த்தால் வடம் பின்னலாக இறுகுவது தெரியும். பிறகு குரல் வரும், எனக்குக் கேட்காது. அவள் ஆசையாகத் திரும்புவாள். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அவள் முகம் தொங்கிப்போவதைப் பார்த்துவிட்டு நான் அடுக்களைக்குப் போய் எதையாவது உருட்டுவேன். சாப்பாடு பாதியானது, பேச்சு அதிலும் பாதியானது. இப்படியே விட்டால் இவளை இழந்துவிடுவோம் என்று தோன்றியது.

அப்போதுதான் முத்து அந்தச் செய்தியைச் சொன்னாள். தூரத்துத் தீவு ஒன்றில் மூன்று வருட வேலை. அங்கே கம்பியும் இல்லை, காற்றலையும் இல்லை. போனால் திரும்பி வருகிறவரை ஒரு வார்த்தை பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றாள். தன்யாவிடம் சொன்னேன். அவள் சாயங்காலமே அரிசி ஊறப் போட்டாள், முத்துவுக்குப் பிடித்த ஓலைப்பக்கோடா சுட.

இதுதான் நேரம் என்று அவளை உட்காரவைத்துப் பேசினேன்.

"இங்க பாரு தன்யா. நெசமான புள்ள வரப்போறா. அந்தப் பொய்க்குரலுக்குத் திரும்பித் திரும்பி ஏன் நோவற? அது வடம். முத்து இல்ல."

"தெரியாமயாங்க திரும்பறேன்?"

"தெரிஞ்சா திரும்பாத. கூப்புட்டா எங்கிட்டச் சொல்லு, நான் கையால பிரிச்சுவுடறேன். திரும்பாம இருந்து பழகு."

அவள் தலையாட்டினாள். சொன்னால் செய்கிறவள். அடுத்த நாள் முதல் குரல் வந்தால் திரும்புவதில்லை. முதுகு விறைக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏனுங்க, வடம்" என்பாள். நான் ஸ்டூலில் ஏறிப் பிரித்துவிடுவேன். நாலைந்து நாளுக்குள் முதுகு விறைப்பதும் நின்றுவிட்டது. சாதாரணமாக, மழை வருகிறது துணியை எடுங்கள் என்கிற மாதிரி, "ஏனுங்க, வடம்" என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முற்பகல். தன்யா உள்ளே ஏதோ ஒரு வரிசையின் கடைசியில் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஸ்டூலில் நின்று அப்போதுதான் முறுக்கைப் பிரித்து முடித்திருந்தேன். வாசல் கதவு திறந்தது. முத்தரசி.

கறுத்து, மெலிந்து, முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். தோளில் ஒரு பெரிய பை. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

"கப்பல முன்னாலயே எடுக்கறாங்கப்பா. கீழ வண்டி நிக்குது. உடனே போகணும்."

நான் ஸ்டூலிலிருந்து இறங்குவதற்குள் அவள் பையைப் போட்டுவிட்டு நேராகத் தன் அம்மாவின் பின்னால் போய் நின்றாள்.

"அம்மா."

தன்யா திரும்பவில்லை. துணியைத் தடவுகிற விரல்கூட நிற்கவில்லை.

"ஏனுங்க, வடம்" என்றாள்.

முத்துவின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். இரண்டு வருடம் கழித்து வந்து கூப்பிட்டால் அம்மாவின் பதில் இது. அவளுக்கு எதுவும் தெரியாது. திருப்பியைப் பற்றி நான் சொன்னதில்லை, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டிருந்தேன்.

"தன்யா! வடம் இல்ல! முத்துவே வந்திருக்கா!"

வீட்டில் எழும் சத்தமெல்லாம் முகக்கூட்டின் வழியாகத்தான் அவள் காதுக்குப் போகும். என் குரலும் அப்படித்தான். அவள் கசப்பாகச் சிரித்தாள்.

"இப்ப அவரு குரலையும் எடுத்துக்கிட்டியா? இருக்கறது அவரு ஒருத்தருதான். அவரையும் உடமாட்டியா?"

என்னிடம் சொல்லவில்லை. எந்திரத்திடம் சொன்னாள். நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன், உன் புடவை நிறம் நீலம் என்றேன், அடுப்பில் பருப்பு வேகிறது என்றேன். இதெல்லாம் கூடவே இருந்து கேட்கிற எந்திரத்துக்குத் தெரியாதா என்று எனக்கே தோன்றியது. அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

முகக்கூட்டைப் பிடுங்கி எறிந்துவிடலாம். ஆனால் உள்ளே இருப்பவரிடமிருந்து சட்டென்று கழற்றினால் நின்ற இடத்திலேயே மயங்கி விழுவார்கள், வலிப்பு வந்தவர்களும் உண்டு. படிப்படியாகத்தான் வெளியேற்ற வேண்டும். ஓடிப்போய்ச் சுவர்ப் பெட்டியில் வெளியேற்றப் பொத்தானை அழுத்தினேன். மஞ்சள் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. பச்சைக்கு வர அது பாட்டுக்கு நேரம் எடுக்கும். கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"முத்து, வேற ஏதாச்சும் பேசு கண்ணு. அந்த ஒரு வார்த்தை மட்டும் வேணாம். வேற என்ன வேணா சொல்லு."

முத்து வாயைத் திறந்தாள். சொல்ல எவ்வளவோ வைத்துக்கொண்டுதான் வந்திருப்பாள். அழுகைதான் முந்திக்கொண்டது.

"அம்மா" என்றாள். "அம்மா. அம்மா."

தன்யாவின் முதுகு மறுபடி விறைத்தது. ஒரு வாரமாகப் பழகியதெல்லாம் அவளைவிட்டுப் போவது தெரிந்தது. முத்து பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்தாள். தொடுகையுறைக்கு மேலேதான் பிடித்தாள். தன்யா திடுக்கிட்டாள், ஆனால் உதறவில்லை. உறைக்குள் விரல்கள் மெதுவாக மடங்கி அந்தக் கையை இறுக்கிக்கொண்டன.

"கையும் குடுக்கக் கத்துக்கிட்டியா?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

முத்து சுற்றி வந்து அவளுக்கு முன்னால் நிற்கப் போனாள். தன்யா விடவில்லை. பிடித்த கையை இடுப்போடு சேர்த்து இறுக்கி, அவளைத் தன் பின்னாலேயே நிறுத்திவைத்தாள்.

"நான் திரும்ப மாட்டேன் சாமி. திரும்புனா நீ இருக்க மாட்டே. எத்தன தடவ பாத்துட்டேன். இப்படியே நில்லு."

வண்டிக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான். முத்து தன் நெற்றியை அம்மாவின் முதுகில் சாய்த்துக்கொண்டு அழுதாள். விளக்கு இன்னும் மஞ்சளாகவே சிமிட்டியது.

"ஏனுங்க" என்று தன்யா கூப்பிட்டாள், இந்தத் தடவை என்னைத்தான். "நெசமா நீங்க இருந்தீங்கன்னா, வடத்தப் பிரிக்காதீங்க. இன்னுங் கொஞ்ச நேரம் முறுக்கியே இருக்கட்டும்."

நான் அண்ணாந்து பார்த்தேன். வடத்தில் ஒரு முறுக்குகூட இல்லை. அதை அவளிடம் எந்தக் குரலில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.