நீலம் பிடிக்காத சதை

காலை பத்தேகாலுக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. சாயப்பட்டறை திருஞானசம்பந்தத்தின் குடலிலிருந்து எடுத்த கட்டியில் மரபணு துளிகூட மிஞ்சவில்லை. கட்டி புற்றாக மாறும் வழியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அதுதான் சொல்ல வேண்டும். குடலை வெட்டுவதா, விடுவதா என்று சர்ஜன் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"நம்ம டெக்னீஷியன் விக்னேஷ் வேலைதான். எலும்பை இளக்க ஊற வைக்கிற ஆசிட்ல போட்டிருப்பான். இன்னியோட அவனை அனுப்பிடறேன்," என்று கொதித்தார் லேப் முதலாளி பூவராகவன்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார்," என்றாள் டாக்டர் அபிநயா. கிடைத்தவன் தலையில் பழியைக் கட்டுவது அவளுக்குப் பிடிக்காது.

சதையைச் சீவி வைத்த கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். செல்களின் கரு நீலச்சாயத்தை ஏற்கவே இல்லை. ஆசிட் பட்டதுதான். ஆனால் விக்னேஷ் அன்று சேர்ந்தாற்போல் பக்குவப்படுத்திய மற்ற சதைகள் அருமையாக நீலம் பிடித்திருந்தன.

சதை வந்த டப்பாவை எடுத்தாள். சதை கெடாமல் காக்கும் பார்மலினின் கண்ணை எரிக்கும் நெடி இல்லை. டப்பாவின் கழுத்தில் பட்டுநூல் இறுக்கிச் சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் மூன்று துணுக்குகள், வந்தது இரண்டு.

டப்பாவைக் கொண்டுவந்தவன் திருஞானசம்பந்தத்தின் மகன் உதயகுமார். கூப்பிட்டதும் செவிலிமேட்டிலிருந்து ஓடிவந்தான். விரல் நுனியெல்லாம் அரக்குச் சாயம்.

"பஸ்ல மூடி திறந்துக்கிச்சா?" என்று கேட்டாள் அபிநயா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒழுகாத டப்பாவுக்கு நூல் எதுக்கு? கொட்டினதுக்குப் பதிலா எதை ஊத்துனீங்க?"

"பட்டறை ஆசிட் டாக்டர். பட்டுல கலர் நிக்கறதுக்கு அதான் ஊத்துவோம். சதையும் கெடாம நிக்கும்னு நெனச்சிட்டேன்."

பூவராகவன் வாயைத் திறந்தார். அபிநயா கையமர்த்தினாள்.

"மூணாவது துணுக்கு எங்கே?"

அவன் அழுதேவிட்டான். "டப்பா வெச்ச கவர்ல ஒட்டிக்கினு இருந்துது. அப்புறந்தான் பாத்தேன். சொல்ல பயம். தூக்கிப் போடவும் மனசு வரல, அப்பா சதையாச்சே. கவர்ல கொட்டின அந்த மருந்துத் தண்ணியோடவே முடிச்சு போட்டு வெச்சிருக்கேன்."

"ஆசிட் படலியே?"

"இல்ல டாக்டர்."

"அப்ப ஓடுங்க, எடுத்துக்கிட்டு வாங்க!"

அடுத்த வாரம் அந்த மூன்றாவது துணுக்கில் உண்மையான குற்றவாளி அகப்பட்டான். செல்லை அடக்கிவைக்கும் மரபணு ஒன்று உடைந்திருந்தது. பெருகச் சொல்லித் தூண்டும் இன்னொன்றும் கெட்டிருந்தது. ஆனால் கடைசிக் காவலாக நிற்கும் மரபணு அசையவில்லை. கட்டி எல்லை தாண்டுவதற்குள் வெளியே வந்துவிட்டது. அபிநயாவுக்கே நெஞ்சு லேசாயிற்று.

"குடலை வெட்ட வேணாம்னு சர்ஜன் சொல்லிட்டார். அப்பப்ப கேமரா விட்டுப் பாத்தா போதும்."

உதயகுமார் விக்னேஷின் கையைப் பிடித்துக்கொண்டான். "என்னால உன் வேலையே போயிருக்கும்பா."

"ரத்த சொந்தம், நீங்களும் ஒரு தடவை பாத்துக்கணும்," என்றாள் அபிநயா உதயகுமாரிடம். "ஆனா உங்க டப்பாவை விக்னேஷ்தான் எடுத்துக்கிட்டு வருவார்."