ஐயர் குறைத்த இரண்டு மார்க்

“ஐயோ... ஐயரு கெணத்துல மெதக்குறாரே!”

சமையல்கார லூர்தம்மாளின் அலறல் காலை ஆறு மணிக்கு அந்த இறையியல் கல்லூரியையே உலுக்கியது!

காலை ஜெபத்துக்குப் பாட்டுப் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த மாணவி ஷாரோன், போட்டது போட்டபடி ஓடினாள்.

கிணற்றுக்குள்... குப்புற... வெள்ளை அங்கி உப்பிப்போய்...

ராஜாமணி ஐயர்! புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர். நேற்று சாயங்காலம் வராந்தாவில் ஷாரோனோடு தொண்டை கிழியச் சண்டை போட்ட அதே ஐயர்!

எட்டு மணிக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஜீப் வந்தது. மே மாதக் குண்டுவெடிப்பிலிருந்து சரியாகத் தூங்காத கண்களோடு இன்ஸ்பெக்டர் முனிரத்தினம் இறங்கினார். வானம் வேறு கறுத்துக் கிடந்தது.

“கிறிஸ்டியன் காலேஜ்ல ஐயரா? இன்னாம்மா கொயப்புறே?”

“எங்க சபையில பாதிரியார ஐயருன்னுதான் சார் கூப்புடுவோம்...”

ஷாரோன் அழுதுகொண்டே சொன்னாள்.

அப்போதுதான் வந்தார் பொறுப்பு முதல்வர் டாக்டர் ஹேமந்த். ஜூனில் வேலைக்குச் சேர்ந்தவர். அமெரிக்காவில் வேதம் படித்தவராம்! பிரசங்கம் முழுக்க இங்கிலீஷ்தான். பைபிள் வாசிக்கிற வேலையை மட்டும் மாணவர்கள் தலையில் கட்டிவிடுவார்.

“இன்ஸ்பெக்டர்... ஐயர் மேஜையில இது இருந்தது.”

ஒரு தாள். தமிழ் டைப்ரைட்டரில் அடித்தது. முனிரத்தினம் உரக்கப் படித்தார்.

“ஷாரோன் பரப்பிய அவதூறு என்னைக் கொன்றுவிட்டது. யூதா 2:9. இப்படிக்கு, ராஜாமணி.”

கூடி நின்ற அத்தனை கண்களும் ஷாரோன் பக்கம் திரும்பின!

“நேத்து இன்னா சண்ட?”

“மார்க்கு சார்...”

“எத்தினி மார்க்கு?”

“ரெண்டு.”

“ரெண்டே ரெண்டு மார்க்குக்கா ஊரக் கூட்டுன?”

ஹேமந்த் தொண்டையைச் செருமினார். “வெறும் மார்க் இல்ல இன்ஸ்பெக்டர். வாயில வரக்கூடாத வார்த்தையெல்லாம் பேசினா. பக்கத்து ரூம்ல என் காதால கேட்டேன்.”

“பொய் சார்!”

“தற்கொலைக்குத் தூண்டுனா பத்து வருசம், தெரியும்ல? ஏறு ஜீப்புல!”

ஷாரோன் ஜீப்பைப் பார்த்தாள். சேரப்பணஞ்சேரியிலிருந்து வேதம் படிக்க வந்த முதல் பெண் என்று சபையே கொண்டாடி அனுப்பியதே! இதோ, கடைசி வருஷம். இன்றைக்கு இந்த ஜீப்பில் ஏறினால் படிப்பும் போச்சு... மானமும் போச்சு!

‘ஆண்டவரே, நீரே பார்த்துக்கொள்ளும்.’

“சார்... அந்தக் காயிதத்த ஒரே ஒரு தரம் பாத்துக்கட்டுமா?”

பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

அழுகை சட்டென்று நின்றது!

“சார், சாகப்போறவரு யூதா ரெண்டாம் அதிகாரம் ஒம்பதாம் வசனம்னு எழுதியிருக்காரு. அது என்னன்னு தெரிய வேணாமா? டாக்டர் சாரையே படிக்கச் சொல்லுங்க.”

“நாயமான பேச்சுதான். படிங்க டாக்டரு!”

யாரோ ஒரு பைபிளை நீட்டினார்கள். ஹேமந்த் புரட்டினார். முன்னால் போனார்... பின்னால் வந்தார்... பொருளடக்கத்தைப் பார்த்தார். ஆவணியில் அப்படி ஒரு வேர்வை!

“இன்னா டாக்டரு, யூதா எங்க கீது?”

“இதோ... யூதா... ஒண்ணாம் அதிகாரம்...”

பக்கத்தைத் திருப்பினார். அடுத்த புத்தகம் வந்துவிட்டது! பழையபடி திருப்பினார். முகம் பேயறைந்தாற்போல் ஆனது.

“இன்ஸ்பெக்டர்! ரெண்டாம் அதிகாரத்தை யாரோ கிழிச்சிருக்காங்க! எல்லாம் இவ வேலைதான்!”



“யாரும் கிழிக்கல சார்,” என்றாள் ஷாரோன். “யூதாவுக்கு இருக்குறதே ஒரு அதிகாரம்தான். ஞாயிறு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களக் கேட்டாக்கூடச் சொல்லும்!”

முனிரத்தினத்தின் புருவம் ஏறியது. “அப்ப ஐயரு ஏன் ரெண்டுன்னு...”

“அவரு எழுதல சார்! நேத்து சண்டையே இதுக்குத்தான். பரீட்சையில ‘யூதா 1:9’னு எழுதிட்டேன். ஒரே அதிகாரத்துக்கு நம்பர் எதுக்கு, யூதா ஒன்பதுன்னு எழுதுன்னு சொல்லி ரெண்டு மார்க்கு கொறச்சாரு. ‘யூதா ஒன்பதுக்கு ரெண்டு போச்சு!’ன்னு வராந்தாவுல கத்துனாரு. ஒண்ணுன்னு எழுதுனதுக்கே ரெண்டு மார்க்க வெட்டுன மனுஷன்... சாகும்போது ரெண்டாம் அதிகாரம்னா சார் எழுதுவாரு?”

“அப்ப பக்கத்து ரூம்ல ஒட்டுக் கேட்டவன்...” முனிரத்தினம் இழுத்தார். “ரெண்டையும் ஒம்போதையும் சேத்து அடிச்சுட்டான்!”

“இன்னொன்னு சார். நேத்து ஐயருக்கு ஒரு நீலக் கடுதாசி வந்துது. வெளிநாட்டு ஸ்டாம்பு. சண்ட முடிஞ்சதும் அதக் கையில எடுத்துக்கினு டாக்டர் ரூமுக்குத்தான் போனாரு. அப்புறம் அவர நான் பாக்கவேயில்ல...”

“அந்தக் கெழவன் அமெரிக்காவுக்கே எழுதி என் பட்டத்த விசாரிச்சா நான் என்ன...”

ஹேமந்த் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பிரயோஜனம்? வார்த்தை வெளியே வந்தாகிவிட்டது!

ஓடப் பார்த்தார். இரண்டு கான்ஸ்டபிள்கள் கோழி அமுக்குவதுபோல் அமுக்கினார்கள். கோட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது... கசங்கிய நீலக் கடிதம்!

ஷாரோன் கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாவி, ரெண்டு மார்க்குக்காக அந்த மனுஷனை என்னவெல்லாம் பேசினாள்! கடைசியில் அந்த ரெண்டு மார்க்தானே அவளைக் காப்பாற்றியது? குலுங்கிக் குலுங்கி அழுதாள். லூர்தம்மாள் அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

முனிரத்தினம் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

“யூதாவுக்கு ஒரே அதிகாரம்தானாமே டாக்டரு... உனுக்கு ரெண்டாவது இப்பதான் ஸ்டார்ட் ஆவுது. ஏறு!”