இறங்கிய கட்டில்

காலையில் சமமாக நின்ற கட்டில், மழை விடாத அந்தச் சாயங்காலத்தில் கால்மாட்டுப் பக்கம் ஒரு விரற்கடை மண்தரைக்குள் இறங்கியிருந்தது. "தூ! தரை போட்ட லட்சணத்தைப் பாரு" என்று அர்த்தனாரி காறித் துப்பினான். பூச்சி ஆராயும் வெள்ளைக்காரத் துரைக்கு வண்டு பிடித்துக் கொடுக்கிறவன் அவன். கொல்லிமலை ஏறி பத்து நாளாகிறது, அவன் துப்பாத திசை கிடையாது. இந்த மலைக்காரர்களுக்குத் தரை மெழுகவும் தெரியாதாம், படித்தவனை மதிக்கவும் தெரியாதாம்.

துரை கேட்டது பிணவண்டு. செத்த எலியை வைத்தால் ஜோடியாக வரும். அடியில் மண்ணைப் பறித்துப் பறித்து எலியைக் கீழே இறக்கும். மயிரைச் சுத்தமாக மழிக்கும். பக்கத்திலேயே முட்டையிடும். புழு பொரிந்ததும் தாய்வண்டு கிர்ர் கிர்ரென்று கூப்பிட்டு வாயில் ஊட்டும். துரை சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதிவைத்திருந்தான். ஒரு ஜோடி உயிரோடு கிடைத்தால் போதும், நிரந்தர உத்தியோகம். அதுவரை மலையிறங்க மாட்டான்.

தங்க இடம் கொடுத்த ஊட்டுக்காரி பாவாயி கஞ்சியோடு வந்து, சீலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"ஏனுங்க, கத்தி கிழிச்ச அந்தக் காலு நாறுதுங்க. டோலி கட்டச் சொல்றனுங்க, கீழ ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க சாமி."

"எலி நாத்தம் அது. வந்துட்டா பெரிய டாக்டர்!"

"எலி வெளியிலதானுங்களே கெடக்குது?"

"போடி!"

எலியை அறுத்த கத்தி கெண்டைக்காலைக் கிழித்து ஆறு நாள். நேற்றிலிருந்து வலிகூட இல்லை. ஆறிவிட்டது என்றுதானே அர்த்தம்?

அவள் போனதும் கதவிடுக்கு வழியாக எலியைப் பார்த்தான். மழையில் ஊறிக் கிடந்தது. ஒரு வண்டுகூட இல்லை. நன்றி கெட்ட சனியன்கள்.

கட்டிலில் படுத்தான். கூரையில் மழை. அதற்கும் கீழே, சுரண்டுகிற சத்தம். மண் உதிர்கிற சத்தம்.

கட்டில் இன்னொரு விரற்கடை இறங்கியது.

கம்பளியை விலக்கினான். கட்டுத்துணி அவிழ்ந்து கிடந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு மயிர் இல்லை. மழித்ததெல்லாம் ஓரமாகக் குவிந்திருந்தது.

காலை இழுத்தான். வரவில்லை.

புண்ணின் ஓரத்தில் ஒரு கருவண்டு.

"அட முட்டாப் பூச்சி, உசுரோடதான்டா இருக்கேன்!"

அது அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிர்ர். கிர்ர்.

தோல் அசைந்தது. புண்ணுக்குள்ளிருந்து வெள்ளைத் தலைகள் ஒவ்வொன்றாக எழும்பி, தாயைப் பார்த்து வாயைத் திறந்தன.