காத்தாயியின் சாக்கு

பழைய பள்ளிக்கூடத்துக்குப் பச்சை வர்ணம் பூசி, வாசலில் 'பொது நூலகம்' என்று எழுதினார்கள். விளையாட்டு மைதானத்தில் பூச்செடிகள் நட்டுப் பூங்கா ஆக்கினார்கள். "சுதந்திர நாட்டில் இது எல்லோருக்கும் சொந்தம்" என்று திறப்பு விழாவில் பேசினார்கள். கைதட்டல் காதைப் பிளந்தது.

அதை நம்பித்தான் மறுநாள் காத்தாயி எல்கடுவ தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து இறங்கி வந்தாள். பள்ளிக்கூடத்தை டவுனுக்கு மாற்றிய பிறகு, தூரம் அதிகம் என்று அவள் படிப்பு நின்றுபோயிருந்தது. டீச்சர் பாதி வாசித்து நிறுத்திய ஒரு கதை மட்டும் அவளை விடவில்லை. கிணற்றில் விழுந்த யானைக்குட்டி என்ன ஆயிற்று? அந்தப் புத்தகம் இப்போது நூலகத்தில் இருந்தது.

கையில் ஒரு சாக்கு வைத்திருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் கடைவீதிப் பிள்ளைகள் நீள மர வாங்கில் உட்காருவார்கள். லயத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்து சாக்கு கொண்டுவந்து தரையில் உட்காருவார்கள். நூலகத்திலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். பாவம், எல்லோரும் உட்காரக் கதிரை போட்டிருப்பதை அவளுக்கு யார் சொன்னார்கள்?

வாசலில் காவல்காரர் பதுர்தீன் மறித்தார்.

"சாக்கு எதுக்கு? பார்க்ல கொய்யாக்காய் களவெடுக்கவா?"

"உக்காரத்தாங்க, ஐயா."

உள்ளே இருந்த ஹவ்வா ஓடி வந்தாள். காத்தாயியோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

"பதுர்தீன் நானா, சாக்கை வெளியில வெச்சிட்டு வரட்டுமே!"

பதுர்தீன் காத்தாயியின் சேற்றுக் காலைப் பார்த்தார். "எல்லாம் புதுக் கதிரை, மகள். லயத்துப் பிள்ளைகளுக்குத்தான் வெளியில பார்க் இருக்கே."

ஹவ்வாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. வாங்கில் உட்கார்ந்த காலத்தில் இந்தக் கோபம் ஏன் வரவில்லை என்று நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது.

புத்தகத்தை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் ஹவ்வா உள்ளே போய் யானைக்குட்டிக் கதையில் ஒரு பக்கம் வாசித்தாள். காத்தாயி சாக்கை விரித்திருந்த கொய்யா மரத்தடிக்கு ஓடினாள். சாக்கில் காத்தாயியை ஒட்டி உட்கார்ந்து, வாசித்ததைச் சொன்னாள். மறுபடி உள்ளே ஓடினாள்.

"என்ன புள்ள, வயித்து வலியா?" என்று கேட்டார் பதுர்தீன்.

"ஓம் நானா, சரியான வலி!"

கடைசிப் பக்கத்தோடு மூச்சிரைக்க வந்து விழுந்தாள். "குட்டி மேல வந்திட்டு, காத்தாயி!"

"அதுவரைக்கும் மத்த யானைங்க என்னா செஞ்சிச்சு? வுட்டுட்டுப் போயிருச்சா?"

"இல்ல. கிணத்தைச் சுத்தி அங்கேயே நின்டிச்சாம்."

காத்தாயி நூலக வாசலை ஒரு தரம் பார்த்தாள். எழுந்து சாக்கை உதறி மடித்தாள்.

"நல்ல யானைங்க" என்றாள்.