சொல்லிக்கொள்ளாமல் போனவை

சனிக்கிழமை காலையில் நலம் விசாரிக்க இயந்திரங்கள் வருவது மிதவைத் தூத்துக்குடியில் யாருக்கும் புதிதில்லை. கடல் மேல் கட்டிய அந்த ஊரில், நோயுற்ற குழந்தை இருக்கும் வீட்டுக்கு உறவினர்கள் நேரில் வருவது அருகிப்போயிருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் தோள்சாய் அறக்கட்டளை விசாரிப்பான்களைச் செய்து அனுப்பியது. மாமாவோ சித்தியோ தன் குரலை ஒருமுறை பதிந்து கொடுத்தால் போதும். ஆளுயர விசாரிப்பான் அவர்கள் சார்பில் பழப்பையோடு வந்து, உட்கார்ந்து, பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டு, அக்கறையாகத் தலையாட்டிவிட்டுப் போகும். கும்பிடும் கைப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்த மனிதர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதுவே பெரிய முன்னேற்றம்தான்.

ஜெசிந்தாவின் மகள் ஷெரினுக்கு ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்க வழியுண்டு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குடும்பத்தில் பொருந்தியது தாய்மாமன் ஆன்றோவின் மஜ்ஜை மட்டும்தான். புதன்கிழமை வந்து கொடுப்பதாக அவன் வாக்களித்திருந்தான். அந்தப் புதன்கிழமையை நம்பித்தான் ஜெசிந்தா நடமாடிக்கொண்டிருந்தாள்.

இந்தச் சனிக்கிழமையும் மூன்று விசாரிப்பான்கள் வந்தன. கையில் பழப்பை இல்லை. ஆன்றோவின் குரலில் பேசும் விசாரிப்பான் ஜெசிந்தாவின் கையைத் தொட்டுப் பிடித்தது, பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை. மூன்றும் தலைகுனிந்து சற்று நேரம் உட்கார்ந்திருந்தன. உள்ளே ஷெரின் இட்லிக்குச் சீனி கேட்டு அடம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மூன்றும் எழுந்து வாசலைத் தாண்டிப் போயின. வழக்கமாகச் சொல்லும் 'போயிட்டு வாறோம்' வரவேயில்லை.

துட்டி கேட்கப் போன வீட்டிலிருந்துதான் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார்கள். சாவு நடந்த வீட்டில் மறுபடி வருகிறேன் என்று சொல்லலாகாது என்பது ஊர் வழக்கம். இயந்திரங்களுக்கும் அதைப் பழக்கியிருந்தார்கள். ஜெசிந்தா உடனே தம்பி ஆன்றோவை அழைத்தாள்.

அவன் நடந்ததைச் சொன்னான். நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லும் அறக்கட்டளையின் முன்கணிப்பி நேற்றே சொந்தங்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டதாம். பிள்ளை தங்கமாட்டாள் என்றதாம். கடைசி நேரத்தில் தவிப்பதைவிட இப்போதே துக்கத்தை ஆற்றிக்கொள்வது எல்லோருக்கும் நல்லது என்று யோசனையும் சொன்னதாம். நாள் முழுக்க அழுதானாம். மருத்துவமனையில் தனக்கு ஒதுக்கியிருந்த புதன்கிழமையையும் ரத்து செய்துவிட்டானாம்.

"ஏல, பிள்ள உள்ள உக்காந்து இட்லி தின்னுக்கிட்டு இருக்கா."

"இருப்பாக்கா. ஆனா அது இதுவர தப்பாச் சொன்னதே இல்லங்காவ. நான் அழுது முடிச்சிட்டேன். இன்னொரு தடவ நம்பி, இன்னொரு தடவ அழ என்னால ஏலாது."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சித்தியை அழைத்தாள். அங்கே திரையில் சித்தியின் முதுகுக்குப் பின்னால் ஷெரினின் படம் தெரிந்தது. அதற்கு மாலை போட்டாகிவிட்டது. நல்ல மல்லிகை, நிஜப் பூ. சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனசைத் தேத்திக்கோம்மா என்றாள்.

கடைசியில் ஜெசிந்தா அறக்கட்டளையையே அழைத்தாள். கனிவான இயந்திரக் குரல் ஒன்று எடுத்தது. டாக்டரே பிழைப்பாள் என்கிறபோது நீங்கள் யார் சாவைச் சொல்ல என்று கத்தினாள். குரல் அவள் அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தது.

"உங்க கணிப்பு ஒருக்காகூட தப்பினதில்லையா?"

"இல்லை, அம்மா."

"அது எப்படி?"

"நோயை நாங்கள் கணிப்பதில்லை, அம்மா. அது மருத்துவரின் வேலை. சொந்தக்காரர்கள் எதுவரை கூட நிற்பார்கள் என்பதை மட்டும்தான் கணிக்கிறோம். அவர்கள் நிற்கமாட்டார்கள் என்று தெரிந்தால், பிள்ளை தங்கமாட்டாள் என்று சொல்லிவிடுகிறோம்."

உள்ளேயிருந்து ஷெரின், மாமா எப்போ வருவாங்க என்று கேட்டாள். ஜெசிந்தா அறைப் பக்கம் திரும்பும்போதே, அந்தக் கனிவான குரல் சொல்லிக்கொள்ளாமல் அழைப்பைத் துண்டித்தது.